நிகர எடை

புளியரை எடை மேடையில் பதினோரு வருஷம்.
எம்-சாண்ட், வாழைத்தார்,
ஓணம் நெருங்கினால் பூசணியும் வெள்ளரியும்.
பாரத்தோடு ஒரு தடவை,
வெறும் வண்டியாய் ஒரு தடவை.
கழித்தால் மிஞ்சுவது சரக்கு.
இந்தக் கணக்கைத் தவிர வேறெதையும்
நான் முழுசாய் நம்பியதில்லை.

தென்காசியில் நிற்கவைத்தார்கள்.
இடது பக்கத்தைத் தகட்டில் எடுத்துவைத்து
இன்னொரு தகட்டை மேலிருந்து இறக்கினார்கள்.
"கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா" என்றவளின் விரல்களில்
யார் கல்யாணத்துக்கோ வைத்த மருதாணி.
படத்தில் வெள்ளை. வெள்ளைக்குள்ளும் வெள்ளை.
ஆனி மாசத்து எஸ் வளைவில்
எதிர் லாரியின் விளக்கையே விழுங்கிவிடும் மூட்டம்.
சதை அடர்த்தி என்று எழுதினார்கள்.
இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்,
வேறு படம் எடுத்துப் பார்க்கவும்.

செங்கோட்டையில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள்.
பசை தடவி உருட்டிக்கொண்டே போன
டாக்டர் மும்தாஜின் கை ஓரிடத்தில் நின்றது.
இங்கே வெள்ளைக்கு நடுவில் கறுப்பு,
ஓரம் பிசிறி, அகலத்தைவிட உயரமாய்.
"எத்தனை மணி மேடம்?" என்றாள் எழுதுகிறவள்.
நான் சுவரைப் பார்த்து
"பத்தே முக்கால்" என்றேன்.
என்னைக் கேட்கவில்லை.
மார்பைக் கடிகாரமாய்ப் பிரித்துவைத்திருக்கிறார்களாம்.
என்னுடையது இரண்டு மணி.
தென்காசிப் படத்தில்
இரண்டு மணிக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

திருவனந்தபுரத்துக்கு ஷைனி கூட வந்தாள்.
ஆரியங்காவு எடை மேடை அவளுக்கு.
இத்தனை வருஷமும் போனில் மட்டும் சண்டை:
"நிங்ஙளுடெ கல்லு நாப்பது கிலோ கள்ளம் பறயும்."
"உங்க கல்லைப் பாரும்மா முதல்ல."
முகம் பார்த்தது அன்றைக்குத்தான்.
கோட்டவாசல் தாண்டும்போது
என் மடியிலிருந்த இரண்டு உறைகளையும்
கேட்காமல் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அங்கே குப்புற.
இரண்டு குழிக்குள் இரண்டும் தொங்க,
காதருகே யாரோ தகரக் கொட்டகையைப் பிரித்தார்கள்.
"அனங்ஙல்லே" என்றது ஸ்பீக்கர்.
முழங்கை வழியே சில்லென்று ஏறியது மருந்து.
அதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம்,
பின்னதிலிருந்து முன்னதைக் கழிப்போம்,
மிஞ்சி ஒளிர்வதுதான் விஷயம்
என்றார் டாக்டர் ஜெயகோபன்.
நான் சிரித்துவிட்டேன்.
பயத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்துத்
தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்தார்.
நின்றபோது மேலே இருந்தது,
படுத்தபோது அக்குள் பக்கம் சரிந்தது,
தொங்கியபோது ஆழத்துக்குப் போனது.
காம்பைச் சுழி மைல்கல்லாக வைத்து
ஒவ்வொன்றிலும் அளந்தார். நாலு. நாலு. நாலேகால்.
பிறகு தென்காசி மூட்டத்துக்குத் திரும்பிப்போய்
ஒரு மயிரிழை மடிப்பைச் சுட்டினார்.
அங்கேயும் இருந்திருக்கிறது.
எங்கே பார்ப்பதென்று மற்ற இரண்டும் சொன்ன பிறகு
எனக்கே தெரிந்தது.
"மூணும் ஒண்ணுதன்னே" என்றார்.
பதினோரு மில்லிமீட்டர்.
ஷைனி கால்குலேட்டரைத் தட்டுவதுபோல்
என் முதுகில் விரல்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஊசி.
அந்தத் துணுக்கு போய்
என்னவென்று சொல்ல இன்னும் ஒரு வாரம்.
படங்கள் இடத்தைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது.

புதன்கிழமை வேலைக்கு வந்தேன்.
சாரல். பத்துச் சக்கர வண்டி,
இறக்கிவிட்டு வெறுமனே ஏறி நிற்கிறது.
கண்ணாடியை இறக்காமல்
ஹாரன் அடிக்கிறார் டிரைவர்.

இறங்குங்க அண்ணே.
எறங்கிக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.
வண்டியை மட்டும்தான் பார்க்கணும்.